எதிர்க்கடை இறால் மீ

காசு இரண்டும் சிமெண்டுத் தரையில் துள்ளின. ஒன்று சட்டென்று படுத்துக்கொண்டது. மற்றது உருண்டு, சவப்பெட்டியைத் தாங்கி நின்ற முக்காலிக்கு அடியில் போய்ச் சுழன்று விழுந்தது. ஹொக் செங் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தான். கையால் தொட்டுவிட்டால் அந்த வீச்சு செல்லாது.

"என்ன விழுந்திருக்கு?" என்றாள் அவனுடைய அத்தை.

"பூ."

"இங்கயும் பூதான்." அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மறுபடியும் சிரிக்கிறான்டா உங்கப்பன்."

ஒரு காசில் பூவும் இன்னொன்றில் எண்ணும் விழுந்தால், செத்தவர் சரி என்கிறார். இரண்டும் எண்ணாக இருந்தால் வேண்டாம் என்கிறார். இரண்டும் பூவாக இருந்தால், கேட்டவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். நேற்றுக் காலையிலிருந்து அவன் அப்பா தெக் லியோங் வேண்டாம் என்று சொல்வதும் சிரிப்பதுமாகத்தான் இருந்தார். உயிரோடு இருந்த அறுபத்தைந்து வருஷத்தில் சாப்பாட்டு விஷயத்தில் ஒரு நாளும் பிகு பண்ணிக்கொள்ளாத மனிதர்.

பெட்டிக்குள் படுத்தாலும் வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு. காலையில் முகம் கழுவத் தண்ணீர், தோளில் போட்டுக்கொள்ளத் துண்டு, பற்பசை பிதுக்கிய பிரஷ், பிறகு பால் விடாத காப்பி, அதன்பின் பசியாற ஏதாவது. பெட்டியின் தலைமாட்டில் படத்துக்கு முன்னால் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, மூத்த மகன் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டுக் காசு போட்டுக் கேட்க வேண்டும்: இது வேண்டுமா? சரி என்றால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கேட்க வேண்டும்: சாப்பிட்டு முடித்தாயிற்றா? முதல் கேள்வியையே தாண்ட முடியாதபோது இரண்டாவதற்கு எங்கே போவது!

நேற்றுக் காலை கஞ்சியும் உப்பு முட்டையும் வைத்தார்கள். வேண்டாம். நேற்றுச் சாயங்காலம் ஹொக் செங் போய் வரிசையில் நின்று வாத்து ரோஸ்ட் வாங்கிவந்தான். வேண்டாம். இன்று விடிந்ததும் ஹொக் செங்கின் அம்மா சோ இம் தானே எழுந்து, பின்கட்டில் கரி மூட்டி, முப்பது வருஷத்து இரும்புச் சட்டியை ஏற்றி, கொய்தியாவ் பிரட்டினாள். தட்டையான அரிசி மீ நூடுல்ஸ், சிப்பி, சீனத்துத் தொத்திறைச்சி, பன்றிக்கொழுப்புப் பொரியல், மேலே வாத்து முட்டை. கூடாரத்தில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் மூக்கை நிமிர்த்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் வெட்கமில்லாமல், "எனக்கும் ஒரு தட்டு கெடைக்குமா?" என்று கேட்டுவிட்டு, பெண்டாட்டியிடம் கிள்ளு வாங்கினான். படத்தில் இருந்தவர் மட்டும் மூன்று தடவை சிரித்தார்.

"பன்னெண்டு மணிக்குப் பெட்டியத் தூக்கிடுவாங்க," என்றாள் அத்தை. தெக் லியோங்குக்கு அக்கா அவள், எழுபதைத் தாண்டியவள். தம்பிக்கு அக்கா துக்கம் காக்க வேண்டியதில்லை என்பதால் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தாள். "ஒரு வாய் சாப்பிடாமப் போனான்னா அங்க போய் யார் வீட்டு வாசல்ல நிப்பான்? பசியோட அலையற பேய்க்கு மானம் மரியாதை உண்டா? சொல்லு சோ இம். என் தம்பி வேற என்ன ஆசைப்பட்டுத் தின்னான்?"

சோ இம் தன் கொய்தியாவ் ஆறி, கொழுப்பு வெள்ளையாகப் படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹொக் செங் காசைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான். அவனுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். கூடாரத்தில் செத்தவருக்கு எரிக்கக் காகிதத் தங்கக்கட்டி மடித்துக்கொண்டிருந்த நாலு பெண்களுக்கும் தெரியும். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் இருக்கப் பெரும் பாடு பட்டார்கள்.

"மா," என்றான் கடைசியில். "இறால் மீ..."

"வாய மூடு."

"பக்கத்து வீட்டு மாமாவ அனுப்புறேன். அஞ்சு நிமிஷம்."

"என் வீட்டுக்குள்ள அவ கிண்ணம் வந்துச்சுன்னா நானும் அந்தப் பெட்டிக்குள்ள ஏறிப் படுத்துக்குவேன். எடம் இருக்கு."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "துவா சி, நீங்களும் சொல்லாதீங்க," என்று சோ இம் நாத்தனாரை முந்திக்கொண்டாள்.

'அவள்' என்றால் குவாட் நியோ. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காப்பிக்கடைக்குத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவள். காப்பிக்கடை முதலாளி அவளுக்கு இடம் கொடுத்தது, அங்கேயே கொய்தியாவ் கடை போட்டிருந்த சோ இம்மின் அடுப்புக்கு நேரெதிரில். இறால் தலையையும் ஓட்டையும் வறுத்து அரைத்து, பன்றி எலும்போடு காய்ச்சிய சூப்பு. அதில் மஞ்சள் மீ. தெக் லியோங் அப்போது தீவுக்கும் கரைக்கும் ஓடும் ஃபெர்ரியில் கயிறு கட்டும் வேலையில் இருந்தார். காலை வேலை முடிந்து பெண்டாட்டியின் கடைக்கு வந்தவர், "புதுசா இருக்கே, ருசி பாத்துட்டு வர்றேன்," என்று எதிர்ப்பக்கம் போனார். அந்த ருசி பார்க்கும் வேலை அவர் படுக்கையில் விழும்வரை முடியவில்லை.

மனிதர் தப்பாக ஏதாவது செய்திருந்தால் தேவலை. சோ இம் ஒரு பாட்டம் சட்டுவத்தாலேயே சாத்தி, அவளுடைய பானையையும் கவிழ்த்து, ஊரறியத் தீர்த்திருப்பாள். இரண்டு வருஷம் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவர் போவார், நாலாவது மேசையில் உட்காருவார், சாப்பிடுவார், எழுந்து வந்து இவளுக்குக் கரி வெட்டித் தருவார். அவளோடு பேசிய பேச்சு மொத்தத்தையும் ஒரு தீப்பெட்டி அட்டையில் எழுதிவிடலாம். அவர் மீதான குற்றமெல்லாம் ஒரு கிண்ணம் சூப்பு. அதற்கு எந்த ஊரில் பஞ்சாயத்து வைப்பது?

ஆனால் அவர் சாப்பிடும் விதம் இருக்கிறதே, அதுதான் சோ இம்மின் வயிற்றை எரித்தது. முதலில் கிண்ணத்தைக் கையால் அணைத்துக்கொள்வார். மிளகாய்ச் சம்பாலைக் கரண்டி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பார். சிவப்பு எண்ணெய் வட்டம் வட்டமாக விரியும். ஒரு கரண்டி உறிஞ்சுவார். அப்போது புருவம் இரண்டும் மெல்ல மேலே ஏறும். யாரோ காதில் நல்ல சேதி சொன்ன மாதிரி. மூக்கு நுனியில் வேர்க்கும். இறால் தலையைத் திருகி, வாலைக் கிண்ண விளிம்பில் அடுக்குவார். சோ இம் தன் நெருப்பின் ஊடாக, சட்டுவத்தை நிறுத்தாமல், அந்தப் புருவத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அவளுடைய கொய்தியாவுக்கு அது ஏறியதில்லை. கோலாலம்பூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று வாங்கினார்கள். தட்டைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார்கள். ஒருத்தன் கண் கலங்கினான், புகையாகவும் இருக்கலாம். வீட்டில் அவர் தட்டைக் காலி செய்துவிட்டு, "நல்லாயிருக்கு," என்பார். நல்லாயிருக்கு என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தாலே அது அவ்வளவு நன்றாக இல்லை என்பது சோ இம்மின் கட்சி. பத்தாவது வருஷம் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டாள்: "அவகிட்ட அப்பிடி என்னதான் இருக்கு?" அவர் உண்மையாகவே யோசித்தார். "சூடா இருக்கு," என்றார். அதன்பின் சோ இம் நாலு நாள் பேசவில்லை.

வேறு எந்தக் கடை மீதும் அவளுக்கு இந்த எரிச்சல் கிடையாது. ஃபெர்ரி விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஆயர் ஈத்தாமுக்குப் போய்ப் புளி லக்சா தின்றிருக்கிறாள். ஒரே ஐஸ் செண்டோல் கிண்ணத்தில் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, பனைவெல்லப்பாகு யாருக்கு அதிகம் என்று சண்டை பிடித்திருக்கிறாள். அங்கெல்லாம் அவர் புருவம் ஏறினால் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவையெல்லாம் ஊர்க் கடைகள். இது பதினைந்தடி தூரத்தில் இருந்த கடை.

இப்போது சோ இம் எழுந்து, யாரும் வைக்கச் சொல்லாத ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினாள். அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

பக்கவாதம் வந்து மூன்று வாரம் அவர் வீட்டில்தான் கிடந்தார். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். ஞாயிற்றுக்கிழமை காலை கண் தெளிவாக இருந்தது. "என்ன வேணும்?" என்று குனிந்து கேட்டாள். அவர் இடது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு திருகு திருகினார். இறால் தலையைத் திருகும் அதே திருகு. இருபத்திரண்டு வருஷம் பார்த்தவளுக்குப் புரியாதா?

"மீன் கஞ்சியா?" என்றாள்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடியும் திருகிக் காட்டினார்.

"சரி, மீன் கஞ்சிதான்."

டாக்டர் கஞ்சி மட்டும்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார். நாலு கரண்டி சூப்பு வடித்துக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம். அவள் கொடுக்காததற்கு டாக்டர் காரணமில்லை என்று அவளுக்கு அப்போதே தெரியும். அவர் இரண்டு வாய் கஞ்சி வாங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிற்பகல் நாலு மணிக்கு மூச்சு நின்றது.

ஹொக் செங் மறுபடியும் காசை உள்ளங்கையில் குலுக்கினான். "பா, அம்மா செஞ்சது பா. சாப்பிடுங்க." காசு விழுந்தது. அத்தை குனிந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தாள்.

சோ இம் செருப்பைத் தேடினாள்.

"எங்க போற மா?"

"இங்கதான்."

"துக்கத்தோட வெளிய போகக் கூடாது. மாமாவ அனுப்பறேன்னு சொன்னேன்ல."

"ஊர்க்காரன் போய் என் புருஷனுக்காக அவகிட்ட கேட்டு வாங்கிட்டு வரணுமா?" என்று சீறினாள். "எனக்கு வாய் இல்ல?"

இரண்டு சந்து தாண்டினால் காப்பிக்கடை. துக்க அடையாளமாகச் சட்டைக் கையில் சணல் துண்டு குத்தியிருந்தவளைக் கண்டு, எதிரே வந்தவர்கள் தங்கள் நிழலையும் சேர்த்து ஒதுக்கிக்கொண்டார்கள். சாவு வீட்டுக்காரி நாற்பத்தொன்பது நாள் அடுத்தவர் வாசலை மிதிக்கக் கூடாது, கடை வாசல் என்றால் கேட்கவே வேண்டாம். சோ இம் சாக்கடைக்கு இந்தப் பக்கம், தார் ரோட்டில் நின்றாள்.

அவளுடைய அடுப்பைத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. அதற்கு முன்னால் வெளியூர் ஜோடி ஒன்று கைப்பேசியையும் தார்ப்பாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. காப்பி ஊற்றுகிறவர் ஏதோ சொல்ல, அவர்கள் முகம் தொங்கி, அப்புறம் எதிரே திரும்பி இறால் மீ கேட்டார்கள். குவாட் நியோ முன்னால் ஏழு பேர் நின்றார்கள். மூன்று நாளாக இவளுக்குக் கொண்டாட்டம், என்று நினைத்தாள் சோ இம். புருஷன் செத்த அன்றுகூடத் தணியாத எரிச்சல். அது வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பாகவே இருந்தது.

"ஏய்," என்று கூப்பிட்டாள்.

குவாட் நியோ நிமிர்ந்தாள். அகப்பையைப் பானைக்குள் போட்டாள். அந்த ஏழு பேரையும் அப்படியே விட்டுவிட்டு, ஏப்ரனில் கை துடைத்தபடி சாக்கடை விளிம்புக்கு வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. இவ்வளவு வருஷமும் புகைக்கு நடுவில் அதை சோ இம் கவனித்திருக்கவில்லை.

"ஒரு இறால் மீ. கட்டிக் குடு," என்றாள் சோ இம்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஏன், நான் திங்கக் கூடாதா?"

"தின்னேன், யாரு வேணாம்னது." குவாட் நியோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மீயா, பீஹூனா? ரெண்டும் கலந்தா? கங்கோங் கீரை போடவா? முளைப்பயறு? சம்பால் உள்ளயா, தனியாவா?"

சோ இம் எட்டி அந்தப் பானையைப் பார்த்தாள். அவருக்கு எந்தப் பல் ஆடுகிறது, எந்தக் காலில் ஆணி, தூக்கத்தில் எந்தப் பக்கம் புரண்டால் குறட்டை நிற்கும், எல்லாம் அறிந்தவள். பதினைந்தடி தூரத்திலிருந்து கிண்ணத்துக்குள் என்ன கிடக்கிறது என்று தெரிந்ததில்லை. இந்தப் பொம்பிளையிடம் போய், என் புருஷன் எப்படித் தின்பார் என்று கேட்பதா?

குவாட் நியோ காத்திருந்து பார்த்துவிட்டு, மறுபேச்சு இல்லாமல் திரும்பிப் போனாள். வரிசையில் முன்னால் நின்றவனைக் கையால் தள்ளி நிறுத்தினாள். மீ பாதி, மெல்லிய அரிசிச் சேமியாவான பீஹூன் பாதி. முளைப்பயறு கிடையாது. கீரை இரண்டு பிடி. வெந்நீரில் முக்கி எடுத்து மூன்று உதறு. அவள் கை யோசிக்கவே இல்லை. சோ இம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையைப் பிடித்து அடுப்பில் வைக்கலாம் போலிருந்தது.

பையில் கட்டாமல், சேவல் படம் போட்ட பீங்கான் கிண்ணத்தில் ஊற்றித் தட்டால் மூடி எடுத்துவந்தாள்.

"கட்டித்தானே கேட்டேன்."

"அவருக்குப் பையில ஊத்தியா குடுக்கறது? இப்பிடியே எடுத்துட்டுப் போ. கிண்ணத்தத் திருப்பிக் கொண்டுவராத." சாவு வீட்டுக்குப் போன பாத்திரத்தை யாரும் திரும்ப வாங்குவதில்லை. சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாள். "சோ இம், ஒண்ணு கேக்கணும். இனிமே கேக்க ஆளில்ல."

"கேளு சீக்கிரம்."

"தெனம் அவர நீதானே அனுப்புன?"

"என்னது?"

"எல்லாருக்கும் தெரியும். உன் கடைக்கு வரிச. என் கடைக்கு உன் புருஷன்." குவாட் நியோவின் குரல் உயர்ந்தது, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வந்த மொத வருஷம் நான் பானையோட சாக்கடைல ஊத்திட்டுப் போயிருக்கேன் தெரியுமா? நீ வேர்வை தொடைக்கக்கூட நேரமில்லாம நிப்ப. நான் ஈ ஓட்டிட்டு உன்னையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். தெனம் மொத ஆளா அவரு வருவாரு. நீ பரிதாபப்பட்டு அனுப்பறேன்னு நெனச்சேன். பாவம், போணி பண்ணிட்டு வாங்கன்னு. ஒவ்வொரு நாளும் அந்தக் கிண்ணத்த வைக்கறப்ப எனக்கு எப்பிடி இருக்கும் தெரியுமா? உன்னோட சட்டியில மண்ணள்ளிப் போடணும்னு இருக்கும்."

சோ இம் அவளையே பார்த்தாள். ஆமாம் என்று ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் இருபத்திரண்டு வருஷமும் அவள் பக்கம் வந்துவிடும். ஆமாம், நான்தான் அனுப்பினேன், நீ பிழைத்துப் போக வேண்டுமே என்று. இந்தப் பொம்பிளை அத்தோடு சுருங்கிப்போவாள். சொல் நாக்கு நுனிவரை வந்து, வெல்லமாக இனித்தது.

"நெஜமாவே அவருக்குப் பிடிச்சிருந்துச்சா?" என்றாள் குவாட் நியோ, இப்போது தணிந்த குரலில். "ஒரு நாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல. மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கலாம்னா அதுக்கும் வழியில்ல. எனக்கு எப்பவும் முதுகக் காட்டித்தான் உக்காருவாரு. உன் பக்கமாத் திரும்பி."

சோ இம் நாலாவது மேசையைப் பார்த்தாள். யாரோ ஒரு கிழவர் காப்பியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். அதைத் தாண்டி இவளுடைய அடுப்பு, தார்ப்பாய்.

"நான் அனுப்புவேனா உன்கிட்ட?" என்றாள். குரல் அவளுக்கே கரகரவென்று கேட்டது. "எனக்கு வயிறு எரியாத நாளில்ல. போகாதீங்கன்னு சண்ட போட்டேன். சோறு போடாம இருந்தேன். கேக்கல அந்த மனுஷன். அவராத்தான் வந்தாரு."

குவாட் நியோ கட்டைவிரலால் தட்டை அழுத்திப் பிடித்தாள்.

"மொதக் கரண்டிக்கு ரெண்டு புருவமும் மேல போகும்," என்றாள் சோ இம். சொல்லச் சொல்ல நெஞ்சைப் பிடுங்கிக் கொடுப்பது போலிருந்தது. "இங்க வரைக்கும். என் மீக்கு ஒரு நாளும் போனதில்ல. போதுமா? இன்னும் கேளு. ஞாயித்துக்கெழம காலைல இதத்தான் கேட்டாரு. கையால காட்டுனாரு. புரியாத மாதிரி இருந்துட்டேன். மீன் கஞ்சி குடுத்தேன். இப்ப எதையும் தொட மாட்டேங்கறாரு. ரெண்டு நாளாப் பட்டினி."

குவாட் நியோவின் வாய் கோணிக்கொண்டது. அழப்போகிறாள் என்று சோ இம் நினைத்தாள். அழுதால் அறைந்துவிடுவது என்றும் முடிவு செய்தாள். குவாட் நியோ அழவில்லை. கிண்ணத்தோடு அடுப்புக்குத் திரும்பி ஓடினாள். அந்த சூப்பைப் பானைக்கே ஊற்றி, கொதிப்பதிலிருந்து புதிதாக மொண்டு ஊற்றி, ஒரு கை நிறைய இறாலை அள்ளி மேலே வைத்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு நாளாப் பட்டினி கெடக்கறாரு, நீ இங்க நின்னு கத பேசிட்டிருக்கியே! ஆறுதுல்ல? போ லா, போ!"

"நீ ஏன் வீட்டுக்கு வரல?" என்றாள் சோ இம், கிண்ணத்தை வாங்கிக்கொண்டே.

"வந்தா வெளக்கமாத்த எடுப்ப."

"எடுத்துத்தான் இருப்பேன்." தட்டு சுட்டது. "பன்னெண்டு மணிக்குத் தூக்கறாங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வேகமாக நடந்தால் சிந்தும். மெல்ல நடந்தால் ஆறும். சோ இம் முப்பது வருஷம் தட்டு சுமந்தவள், ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தாள். கூடாரத்தில் காகிதம் மடித்த கைகள் எல்லாம் நின்றன. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். சோ இம் யாரையும் பார்க்காமல் தன் கொய்தியாவை ஓரமாக நகர்த்திவிட்டு, கிண்ணத்தை நடுவில் வைத்துத் தட்டைத் திறந்தாள். இறால் வாசனை பெட்டி, படம், ஊதுபத்தி எல்லாவற்றின் மேலும் ஏறியது.

"பா," என்றான் ஹொக் செங். அவன் குரல் உடைந்தது. "இறால் மீ பா. அம்மாவே போய் வாங்கிட்டு வந்தாங்க."

காசு விழுந்தது. ஒரு பூ, ஒரு எண். முதல் வீச்சிலேயே.

"பாத்தியா, பாத்தியா!" என்று அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரன் கை தட்டிவிட்டு, சாவு வீடு என்று ஞாபகம் வந்து கையைக் கட்டிக்கொண்டான். சோ இம்முக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. இறங்கின இடத்திலேயே பழைய எரிச்சலும் வந்து உட்கார்ந்தது. ஒரே வீச்சில்! என் சமையலுக்கு மூன்று தடவை சிரித்த மனுஷன்!

பத்து நிமிஷம் விட்டு ஹொக் செங் கேட்டான்: "பா, சாப்பிட்டு முடிச்சாச்சா?"

இரண்டும் எண். இல்லை.

இன்னும் பத்து நிமிஷம். இல்லை. பதினொன்றரைக்குத் தூக்கும் ஆட்கள் வந்தார்கள். லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. தலைமை ஆள் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் தப்பினால் தோஷம் என்றான். ஹொக் செங் வேர்க்க வேர்க்கக் காசு போட்டான். இல்லை. மறுபடியும் இல்லை.

"கிண்ணத்தக் கையோட எடுத்திடலாமா?" என்று தலைமை ஆள் அத்தையிடம் குசுகுசுத்தான்.

"யாரும் தொடாதீங்க," என்றாள் சோ இம்.

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மீ சூப்பை உறிஞ்சி ஊதத் தொடங்கியிருந்தது. சிவப்பு எண்ணெய் ஒன்றாகச் சேர்ந்து விளிம்பில் ஒதுங்கியிருந்தது. கூடாரத்துக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஏப்ரனைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குவாட் நியோ நின்றாள். உள்ளே வரவில்லை. சோ இம்மும் கூப்பிடவில்லை.

"மா, லாரி நிக்குது," என்றான் ஹொக் செங்.

"நிக்கட்டும்."

எங்கிருந்தோ ஒரு ஈ வந்து கிண்ணத்தின் மேல் சுற்றியது. சோ இம் கையை வீசி அதை விரட்டினாள். அது போய் அவளுடைய கொய்தியாவ் தட்டில் உட்கார்ந்தது. அதை அவள் விட்டுவிட்டாள். கிண்ணத்தின் மேல் இன்னொன்று வராதபடி, கையை மெல்ல வீசிக்கொண்டே இருந்தாள்.